துரை கழித்த வண்டிகள்

1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் கொழும்பில் முதன்முதலாகத் தேயிலை பகிரங்க ஏலத்தில் கூறப்பட்டது. மலைநாட்டின் பொருளாதாரச் சரித்திரத்தை எழுதுவோர் இந்த நாளைத் தவறாது குறிப்பிடுகிறார்கள். மலையில் பறித்த கொழுந்து ஸ்டோரில் வாடி, உருண்டு, புளித்து, காய்ந்து, பெட்டியில் அடைபட்டுக் கீழே இறங்கி, ஏலக்காரரின் சுத்தியல் ஓசையோடு உலகச் சந்தைக்குப் போய்விடுகிறது. அது மலையிலிருந்து இறங்கும் ஏலம். மலைக்கு ஏறி வரும் ஏலம் ஒன்றும் உண்டு. பட்டாளம் கழித்த லொறி, துரை கழித்த கார், கூட்டுத்தாபனம் கழித்த டிரக்டர், விபத்துக்குப் பின் காப்புறுதிக் கம்பனி கைவிட்ட வேன், யப்பான் தேசம் போதுமென்று ஒதுக்கிய வண்டி ஆகிய இவையெல்லாம் "உள்ள இடத்தில், உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையோடு விற்கப்பட்டு, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் உள்ள பட்டறைகளில் மீண்டும் உயிர் பெற்று ஓடியிருக்கின்றன. இந்த இரண்டாவது ஏலத்தின் சரித்திரத்தையே நாம் இங்கே சிறிது பார்க்க விரும்புகிறோம்.

முதலில் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில் 1867இல் கண்டியை அடைந்தது, 1874இல் நாவலப்பிட்டியை, 1884இல் ஹட்டனை, மறு ஆண்டில் நானுஓயாவை. கோப்பிக்காகத் தொடங்கிய பாதை, கோப்பியை நோய் தின்றபின் தேயிலைக்காக நீண்டது. மூட்டைக்கும் பெட்டிக்கும் இவ்வளவு வேகமாக வழி பிறந்த அந்தத் தேசத்தில், அவற்றை விளைவித்த மனிதன் எப்படி வந்தான்? கால்நடையாக வந்தான். மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த அந்தக் கூட்டத்தில் வழியிலேயே விழுந்தவர்களின் தொகையை எந்தக் கணக்கேடும் ஒழுங்காகக் காட்டவில்லை. 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் மீண்டும் நடந்து அந்தப் பயணத்தை நினைவுகூர்ந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னரும், ரயில் நிலையத்திலிருந்து தோட்டத்துக்குப் போகும் கடைசி மைல்களுக்குத் தொழிலாளியின் வாகனம் அவனுடைய கால்தான்.

மோட்டார் வண்டி வந்தபோதும் இந்த முறை மாறவில்லை. கார் துரைக்கு; லொறி தேயிலைக்கும் அரிசிக்கும் உரத்துக்கும். எட்டாத மலைச்சரிவுகளிலிருந்து கொழுந்து மூட்டைகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு ஸ்டோருக்கு இறங்கின. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை நோக்கிச் சென்ற சிறிய ரயில் பாதை, மோட்டார்ப் போட்டிக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் 1940களில் மறைந்தே போயிற்று. லொறியில் தொழிலாளி ஏறிய சந்தர்ப்பங்கள் இரண்டு. ஒன்று, நோய் முற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும்போது. மற்றொன்று, அங்கிருந்து பிணமாகத் திரும்பும்போது. பிள்ளை பெறத் துடிக்கும் பெண்ணைக் கொழுந்து லொறியிலும் டிரக்டரின் இழுவைப் பெட்டியிலும் கிடத்திக் கொண்டுபோன கதை இல்லாத தோட்டம் ஏதேனும் உண்டா என்று மலையக நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த நிலையில்தான் யுத்தம் வந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு மாறி, பேராதனைப் பூந்தோட்டத்தில் குடியேறியது. தேயிலை மலைகளின் அடிவாரத்துக்கே பட்டாள வண்டிகள் வந்து சேர்ந்தன. கனடாவில் போர்ட், செவர்லே கம்பனிகள் பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் படைகளுக்கென்று நான்கு லட்சம் அளவில் செய்து தள்ளிய மூக்குச் சப்பையான லொறிகளும், அமெரிக்க ஜீப்புகளும் ஆசியாவெங்கும் பரவியிருந்தன. யுத்தம் முடிந்ததும் அவை உபரி ஆயின. திரும்ப ஏற்றிப் போகும் கப்பற்கூலியே வண்டியின் விலைக்கு மேலாயிற்று. ஆகவே விற்றார்கள். மணிலாவில் அந்த ஜீப்புகளை நீட்டி, தகரக்கூரை போட்டு, ஜனங்கள் ஏறும் 'ஜீப்னி' ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் 'டிஸ்போசல் லாரி' என்ற சொல்லே பிறந்தது. இலங்கையிலும் கழிக்கப்பட்ட ஜீப்புகளும் லொறிகளும் தனியார் கைக்கு வந்தன. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, சமவெளியில் ஒரு வேடிக்கைப் பொருளாக இருக்கலாம். மழையில் சேறாகும் தோட்டத்துச் சரிவுப் பாதையில் அது இல்லாமல் காரியம் நடவாது. மனிதரைக் கொல்வதற்குச் செய்த யந்திரம் மனிதருக்குப் பயன்பட்ட மிகச் சில விஷயங்களில் இதுவும் ஒன்று.

ஏலத்தில் எடுப்பது என்பது ஒரு கலை. சூதாட்டம் என்றும் சொல்லலாம். எஞ்சினை முடுக்கிப் பார்க்க விடமாட்டார்கள். பார்வையாலும், கையாலும், எண்ணெயின் நிறத்தாலும், அடித்தட்டின் துருவாலும் மட்டுமே மதிப்பிட வேண்டும். அனுபவசாலி ஒரு வண்டியை விலைக்கு எடுப்பதில்லை. ஒரே இனத்தைச் சேர்ந்த மூன்று செத்த வண்டிகளை எடுப்பான். ஒன்றின் அச்சு, மற்றொன்றின் எஞ்சின், மூன்றாவதின் சேஸிஸ் என்று சேர்த்து ஓடக்கூடிய ஒன்றை எழுப்புவான். எஞ்சியவற்றை நட்டு நட்டாகக் கழற்றி விற்று முதலை மீட்பான். கொழும்பில் மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை, பழைய உதிரிப்பாகங்களின் பேட்டையாகப் பேர்பெற்றது இந்த வியாபாரத்தினால்தான். மலையிலிருந்து ரயிலேறிப் போய், கோணிப்பையில் ஒரு கியர்ப்பெட்டியைச் சுமந்து திரும்பிய பட்டறைத் தொழிலாளர்கள் எத்தனையோ பேர்.

பட்டறையில் நடந்த வேலையை நம் படிப்பாளிகள் சற்று நின்று கவனிக்க வேண்டும். தேய்ந்த சிலிண்டரைத் தூக்கி எறிய முடியாது, புதியது கிடைக்காது. ஆகவே அதன் உட்சுவரை லேசாகக் கடைந்து வட்டமாக்கி, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பாகம் பெரிதான பிஸ்டனைப் போடுவார்கள். சில ஆண்டுகளில் அதுவும் தேயும், நாற்பது பாகம், பிறகு அறுபது. அதற்குமேல் சுவர் தாங்காது. அப்போது உள்ளே புதிய இரும்புக் குழல் ஒன்றை இறுக்கி ஏற்றி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்கள். ஒரு எஞ்சின் இப்படி நான்கு ஆயுள் வாழும். கிராங்கைத் தாங்கும் பேரிங்குகள் உருகினால், வெள்ளை ஈயத்தை உருக்கி வார்த்து, கையாலேயே சுரண்டிச் சுரண்டிப் பொருத்துவார்கள். நீலச்சாயம் தடவித் தண்டை ஒருமுறை சுற்றிவிட்டு, சாயம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் சுரண்டும் அந்தப் பொறுமையை எந்தப் பாடப்புத்தகமும் முழுமையாகக் கற்றுத்தர முடியாது.

மலைக்கே உரிய சிக்கல்களும் இருந்தன. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது. கொழும்பில் ஓடிய பெற்றோல் எஞ்சின் அங்கே தன் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். பெற்றோலும் காற்றுக்கு மிஞ்சிப் பாய்ந்து கரும்புகை தள்ளும். இதற்குப் பெற்றோல் பாயும் துளையைச் சிறிதாக மாற்ற வேண்டும். ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலைச் சாரதியின் பால பாடம். எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்தாமல், பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் டிரம் பழுக்கக் காய்ந்து, பிரேக் இருந்தும் இல்லாததாகிவிடும். ஆகவே கழித்த வண்டி எதையும் மலையில் ஓட்டுமுன் நல்ல பட்டறைக்காரன் முதலில் கழற்றுவது எஞ்சினை அல்ல, சக்கரங்களை. பிரேக் கட்டைகளில் புதுப் பட்டையை ரிவெட்டு அடித்து ஏற்றிய பிறகே மற்ற வேலை.

இந்தக் கைவினைஞனைப் 'பாஸ்' என்று அழைக்கிறார்கள். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது. சிங்களத்தில் புகுந்து தமிழுக்கும் வந்தது. அவன் கீழே வேலை பழகும் பையனுக்குக் 'கோலயா' என்று பெயர். மலைநகர்ப் பட்டறைகளின் உரிமையாளர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் இருந்தார்கள். லயத்துக் காம்பறாவிலிருந்து ஓடிவந்து கோலயாவாகச் சேர்ந்த பையனுக்கோ, கங்காணியின் பெரட்டிலிருந்து தப்பிக்கக் கிடைத்த முதல் வாசல் அதுதான். முழுநாளும் கிரீசில் கிடந்து அவன் கற்றது ஒரு தொழில். அதோடு ஒரு பாஷையும். சிங்களமும் தமிழும் உடைந்த ஆங்கிலமும் கலந்த பட்டறைப் பாஷையில் ஒரு ஸ்பானரைக் கேட்டால் யாருக்கும் விளங்கும்.

1948ஆம் ஆண்டை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் லாண்ட்ரோவர் வண்டி உலகத்துக்குக் காட்டப்பட்டது. இலையுதிர் காலத்தில் மொரிஸ் மைனர் கார் பிறந்தது. அதே ஆண்டில்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமும் பிறந்து, மலையகத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. இரண்டு வண்டிகளும் இலங்கைக்கு வந்தன, பதிவாயின, இலக்கம் பெற்றன, புத்தகம் பெற்றன. தேயிலைச் செடிக்கடியில் பிறந்து, அங்கேயே தாய் தந்தையரைப் புதைத்தவனுக்கு அப்படி ஒரு பதிவு கிடைக்கவில்லை. யுத்தத்துக்குப் பின் உருக்குப் பஞ்சத்தால் லாண்ட்ரோவரின் உடலை அலுமினியத்தில் செய்தார்கள். மலைநாட்டு மழைக்கும் பனிக்கும் அது அழியவில்லை. கீழேயுள்ள இரும்புச் சேஸிஸ்தான் துருவேறி உளுத்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, புதுத் தகடு வைத்து ஒட்டி ஒட்டி ஓட்டினார்கள். டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சாங் என்ற ஊரிலும், தேயிலைத் துரைமார் விட்டுப்போன அதே காலத்து லாண்ட்ரோவர்களை உள்ளூர்ச் சாரதிகள் தலைமுறை தலைமுறையாக ஓட்டிவந்திருக்கிறார்கள். தேயிலை எங்கெல்லாம் போயிற்றோ அங்கெல்லாம் இந்தக் கதை உண்டு போலும்.

1958 ஜனவரி முதலாம் நாள் தனியார் பஸ் கம்பனிகள் நாட்டுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. நாம் வரவேற்ற காரியம் அது, இன்றும் வரவேற்கிறோம். ஆனால் புதிய சபை பழைய இரும்பையே வாரிசாகப் பெற்றது. லண்டன் மாநகரம் ஓட்டிக் கழித்த இரட்டைத்தட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் வாங்கிக் கொழும்புத் தெருக்களில் விட்டார்கள். சாம்ராஜ்யத்தின் தலைநகரம் கழித்தது குடியேற்ற நாட்டின் தலைநகரத்துக்கு. அங்கே கழித்தது மலைக்கு. இப்படி ஒரு படிக்கட்டு. அந்த ஆண்டிலேயே வண்டியின் இலக்கத் தகட்டில் பொறித்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்து நாட்டைப் பிளந்தது. வடக்கில் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டு இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் மாண்டார்கள். எந்த வண்டிக்கும் சொந்தக்காரர் ஆகும் வாய்ப்பே இல்லாத ஒரு வர்க்கம், வண்டியின் இலக்கத்துக்காகவும் ரத்தம் கொடுத்தது.

இனி நாம் சொல்லவந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறோம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியது. கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றது. 1977வரை நீடித்த இந்தக் கட்டுப்பாட்டினால் இலங்கை முழுவதும் ஒரு பெரிய பட்டறையாயிற்று. எந்த வண்டியையும் சாக விடுவதில்லை என்பது தேசத்தின் பொருளாதார தர்மமே ஆயிற்று. பெற்றோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினைப் பூட்டினார்கள். தகடு தட்டுவதில் இலங்கைக் கைகள் அடைந்த தேர்ச்சி வியப்புக்குரியது. பின்னாளில், 1990களில், மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இங்கே செய்து, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டுகளில் வேறு என்ன நடந்தது? 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மனிதர்களைக் கூறுபோட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எழுதினார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்குமேல் அன்று தேயிலையால் வந்தது. ஆகவே ஒரு பழைய லொறியைக் காப்பாற்றத் தூண்டிய அந்த அந்நியச் செலாவணி, இந்த மனிதர்களின் விரல் நுனியில் பிறந்தது. லொறியைக் கழிக்க மனம் வராத அரசு, அந்த விரல்களைக் கழித்தது. தலைமன்னார்க் கப்பலில் அவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏறினபோது, அவர்களை ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்ட லொறி திரும்பிப் போய்த் தன் வேலையைத் தொடர்ந்திருக்கும். உள்ளது உள்ளபடி என்ற ஏல நிபந்தனைகூட இந்த மனிதர்களுக்கு இல்லை; குடும்பத்தில் சிலருக்கு இந்தியா, சிலருக்கு இலங்கை என்று உறுப்பு உறுப்பாகக் கழற்றினார்கள்.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் போனார்கள். அவர்களுடைய கார்கள் நின்றன. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வந்தன. 1973–74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தபோது தோட்டத்து லொறிகளும் உதிரிப்பாகமின்றி நின்றன என்பதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அரசு வண்டியைக் கழிப்பதற்கு ஒரு சடங்கு உண்டு. ஒரு குழு வந்து பார்த்து, ஏட்டில் குறித்து, இனி உதவாது என்று கையொப்பமிட வேண்டும். பிறகே ஏலம். கணக்கேட்டில் பெறுமதி பூச்சியமாகிவிட்ட அந்த வண்டி, பட்டறையில் இன்னும் பதினைந்து வருஷம் ஓடும்.

1977இல் வாசல் திறந்தது. யப்பானில் பழைய வாகனத்தைக் கடுமையான அரசுப் பரிசோதனைக்கு உட்படுத்துவார்கள். முதலில் மூன்று ஆண்டில், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. அந்தச் செலவுக்கு அஞ்சி மக்கள் நல்ல வண்டியையே விற்றுவிடுவார்கள். அங்கும் ஏலம். அங்கும் இங்கும் வண்டி சாலையின் இடப்பக்கம் ஓடுவதால், அப்படியே கப்பலேற்றினால் போதும். முழு வண்டிக்கு வரி அதிகமென்று, முன்பாதியை மட்டும் வெட்டி உதிரிப்பாகமாகக் கொண்டுவந்து, வேறொரு வண்டியின் பின்பாதியோடு ஒட்டும் வித்தையும் வளர்ந்தது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழிவிட்டபோது, இந்த யப்பானிய வேன்கள் மலையேறி வந்தன. தொழிலாளி முதன்முறையாகக் காசு கொடுத்து, இருக்கையில் உட்கார்ந்து போனான்.

இடையிலே 1983 ஜூலையையும் கடக்க வேண்டும். நுவரெலியாவிலும் பதுளையிலும் தமிழருடைய கடைகளும் வாகனங்களும் எரிந்தன. பட்டறைப் பாஷை அன்று யாரையும் காப்பாற்றவில்லை. எரிந்த இரும்பை யார் எடுத்தார்கள், எந்த வண்டிக்குள் அது போய்ச் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, கழித்த வண்டியை ஓட்டுவதே ஒரு பெருமை என்று நாம் பாடுவதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். விபத்தில் வளைந்த சேஸிஸ் நெருப்பில் காய்ச்சி நிமிர்த்தினாலும் பழைய பலத்தைப் பெறாது. பூச்சும் சாயமும் அடித்துவிட்டால் வாங்குகிறவனுக்கு அது தெரியாது. ஏலத்தில் விற்ற கம்பனிக்கு "உள்ளபடி" என்ற ஒரு சொல் கவசம். வாங்கிய பட்டறைக்காரனுக்கு வறுமை கவசம். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் ஒரு கவசமும் இல்லை. வண்டியை எழுப்பியவனுடைய திறமைக்கு வணக்கம் செய்வோம். ஆனால் அந்தத் திறமையின்மேல் பொதுப் போக்குவரத்தைச் சுமத்திவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் பதிலாகவும் அதையே காட்டிவிட்டுக் கைகழுவியவர்களை மன்னிக்க நமக்கு மனமில்லை.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் 22 கம்பனிகளிடம் போயிற்று. லயங்கள் மாறவில்லை, வாசலில் முச்சக்கர வண்டி வந்து நின்றது. தோட்டத்து இளைஞன் கொழும்புக் கடையில் வேலைசெய்து சேர்த்த காசை முதற்கட்டமாகக் கொடுத்து, மிச்சத்தைக் கம்பனியிடம் தவணைக் கடனாக எழுதி எடுத்த வண்டி அது. தாத்தா நடந்தார், அப்பா லொறியின் பின்னே தொங்கினார், இவன் ஓட்டுகிறான். இதை ஒரு சிறிய விஷயமென்று நாம் கருதவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நின்றது. பழைய வண்டி விலை ஏறியது. 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி நீண்ட போராட்டத்துக்குப் பின் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்தது; பெற்றோலுக்கு வரிசையில் இரவுபகலாகக் காத்து நின்றார்கள். ஓடாத வண்டிக்கும் தவணை கட்ட வேண்டும். மூன்று நான்கு தவணை தவறியதும் கம்பனியின் ஆட்கள் வந்து வண்டியை எடுத்துப் போனார்கள். 'சீஸ் பண்ணிட்டாங்க' என்ற வார்த்தை லயங்களில் பிணத்தைப் பற்றிப் பேசும் தாழ்ந்த குரலில் பேசப்பட்டது.

2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறந்தது. புதிய வண்டிகளின் விலையைத் தோட்டத்தில் யாரும் கேட்பதில்லை. ஏலமுற்றத்துக்குத்தான் போகிறார்கள். மழையில் வரிசையாக நிற்கும் முச்சக்கர வண்டிகளின் சாவிகளில் இலக்கச் சீட்டுக் கட்டியிருக்கிறது. எஞ்சினை முடுக்கிப் பார்க்க விடமாட்டார்கள். ஒருவன் குனிந்து அடித்தட்டைத் தட்டிப் பார்க்கிறான். இன்னொருவன் பிரேக் மிதியைக் கையால் அமுக்கிப் பார்க்கிறான். முன்கண்ணாடியின் மேலே, பழைய சொந்தக்காரன் ஒட்டிய முருகன் படமும் அதன்கீழ் இரண்டு பிள்ளைகளின் பெயர்களும் இன்னும் உரிக்கப்படாமல் இருக்கின்றன.